குண்டு பல்பு வாங்கும் முன் கண்ணாடிக்குள்ளே பாருங்கள்

எல்இடி வந்து இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும் குண்டு பல்பு கடையை விட்டுப் போய்விடவில்லை. கோழிக்குஞ்சுக் கூண்டுக்குச் சூடு வேண்டும். மிக்ஸியும் அயர்ன் பாக்ஸும் பழுதுபார்ப்பவருக்கு சீரீஸ் போர்டில் (சோதிக்கும் சாதனத்தோடு ஒரு பல்பைத் தொடராக இணைக்கும் பலகை) மாட்ட 100 வாட் வேண்டும். பழைய பைக்குக்கு ஹெட்லைட், ஹோட்டல் அலங்காரத்துக்கு எடிசன் பல்பு. எதை வாங்கினாலும் பெட்டியில் வாட்டும் வோல்ட்டும்தான் போட்டிருக்கும். பல்பு எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும் என்பதில் பெரும்பங்கு வகிக்கும் இரண்டு விஷயங்களைப் பெட்டி சொல்லாது: இழையை எத்தனை கம்பிகள் தாங்குகின்றன, இழையின் இரண்டு முனைகளும் எப்படிப் பிடிக்கப்பட்டிருக்கின்றன. கண்ணாடி தெளிவாக இருந்தால் இரண்டையும் கண்ணாலேயே பார்த்துவிடலாம். அதனால் இந்த மதிப்பீட்டில் பிராண்டுப் பெயர் கிடையாது. கடையில் கையில் எடுத்துப் பார்த்தே தேறுமா தேறாதா என்று சொல்ல உதவும் அடையாளங்கள்தான் இதில் இருக்கின்றன. பால் வெள்ளைப் பூச்சு போட்ட பல்பில் எதுவும் தெரியாது. "அண்ணே, கிளியர் குடுங்க" என்று கேட்டு வாங்குவது நல்லது.

முதலில் எல்லாரும் வாங்குகிற 230 வோல்ட், 100 வாட், பி22 மூடி (ஹோல்டரில் அழுத்தித் திருப்பி மாட்டும் வகை) போட்ட பல்பு. இதன் இழை சுமார் 0.04 மி.மீ. பருமனுள்ள டங்ஸ்டன் கம்பி. சுருள் பிரித்து நீட்டினால் ஏறக்குறைய ஒரு மீட்டர் வரும். எரியும்போது அதன் வெப்பம் 2,500 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். அந்தச் சூட்டில் இவ்வளவு மெல்லிய கம்பி தன் எடையிலேயே தொய்ய வேண்டும். தொய்யாமல் இருக்க, டங்ஸ்டனில் மிகச் சிறிதளவு பொட்டாசியம் சேர்த்து அதன் படிகங்கள் நீளவாக்கில் ஒன்றோடொன்று கோத்து வளரும்படி செய்கிறார்கள். அப்படியும் நடுவில் தாங்கல் வேண்டும். அதற்குத்தான் மாலிப்டினம் கம்பிகள். அடியிலிருந்து எழும் கண்ணாடித் தண்டின் உச்சியை உருக்கி ஒரு பொத்தான்போல் ஆக்கி, அது இளகியிருக்கும்போதே இந்தக் கம்பிகளைக் குத்தி நிறுத்துவார்கள். கம்பியின் மறுமுனை சிறு வளையமாகச் சுருண்டு இழையைப் பிடித்திருக்கும். மாலிப்டினம் 2,623 டிகிரியில்தான் உருகும் என்பதால் இழையைத் தொட்டுக்கொண்டே நிற்க முடிகிறது. அந்த இடத்தில் இரும்போ நிக்கலோ இருந்தால் உருகிச் சொட்டிவிடும்.

அப்படியானால் தாங்குகம்பி அதிகமாக இருந்தால் நல்லதுதானே? இல்லை. ஒவ்வொரு தாங்குகம்பியும் தான் தொடும் இடத்தில் இழையின் சூட்டை உறிஞ்சுகிறது. அந்த இடம் மங்கும்; மங்கிய இடத்திலிருந்து வெளிச்சம் வராது, மின்சாரம் மட்டும் செலவாகும். வீட்டுப் பல்பில் இரட்டைச் சுருள் இழை போடுவதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. ஒரு மீட்டர் கம்பியை முதலில் மெல்லிய சுருளாகச் சுற்றி, அந்தச் சுருளையே மறுபடியும் சுற்றினால் மொத்த நீளம் சில சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். ஒன்றிரண்டு தாங்கலே போதும். ஒற்றைச் சுருள் இழை நீளமாக வளைந்து போகும். அதற்கு மூன்று நான்கு தாங்கல் தேவை, வெளிச்சமும் ஒரு படி குறைவு. இரண்டும் ஒரே வாட்டாக ஒரே கடையில் கிடைக்கும். வெளிச்சத்துக்காக வாங்குபவர் இரட்டைச் சுருளைத் தேடுங்கள். ஆட்டமும் அதிர்வும் உள்ள இடத்துக்கு வாங்குபவர் அதையே தவிர்த்துவிடுங்கள்.

பிடிப்புக்கு வருவோம். பல்பு கெடுவதில் தாங்கலைவிட இதற்குத்தான் பங்கு அதிகம் என்பது நம் கணிப்பு. மூடியின் அடியில் தெரியும் இரண்டு ஈயப்பற்று உருண்டைகளிலிருந்து மேலே போகும் கம்பி ஒரே உலோகமாக இருக்காது. கீழே செம்பு, கண்ணாடி நசுக்கலுக்குள் (கம்பியை வைத்து, உருகிய கண்ணாடியை அழுத்தி மூடிய இடம்) டூமெட் என்ற கலப்புக் கம்பி, மேலே நிக்கல். கண்ணாடியும் அதற்குள் போகும் கம்பியும் சூட்டில் ஒரே அளவு விரிந்தால்தான் காற்று உள்ளே புகாது. ஆரம்ப காலத்தில் இதற்கு பிளாட்டினம் போட்டார்கள். 1910களில் அதன் இடத்துக்கு டூமெட் வந்தது: சுமார் 42 சதவீதம் நிக்கல் கலந்த இரும்பு நடுவில், அதைச் சுற்றிச் செம்பு உறை. நல்ல நசுக்கலில் இந்தத் துண்டு செங்கல் சிவப்பாக, கண்ணாடியோடு இழைந்து தெரியும். கம்பியை ஒட்டி வெள்ளி நிறத்தில் கோடுபோல் குமிழிகள் ஓடினால் அந்தப் பல்பைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், காற்று நுழையும் வழி அதுதான்.

நிக்கல் கம்பியின் மேல்முனையைத் தட்டையாக்கி, கொக்கிபோல் மடித்து, இழையின் காலை அதற்குள் வைத்து அழுத்துகிறார்கள். அங்கே பற்றவைப்பு எதுவும் கிடையாது, வெறும் அழுத்தம்தான். அழுத்தம் குறைந்தால் தொடர்பு தளர்ந்து பொறி விழும், கூடினால் சுருள் நசுங்கிக் கொக்கியின் விளிம்பில் விரிசல் விடும். சரியாக இருக்கும்போது, தடித்த நிக்கல் சூட்டை இழுத்துக்கொள்வதால் இழையின் முனை எப்போதும் மங்கலாகவே இருக்கும். பிடி தளர்ந்தால் அந்த முனையே சூடேறுகிறது. சூடான நிலையில் நிக்கல் டங்ஸ்டனுக்குள் ஊடுருவி, அதன் படிக அமைப்பைக் குலைத்து நொறுங்கச் செய்துவிடும். இழையின் நடுப்பகுதி புதிதுபோல் இருந்து, கொக்கியின் வாசலில் மட்டும் அறுந்திருக்கிற பல்புகளின் கதை பெரும்பாலும் இதுதான்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை: இழை கொக்கியிலிருந்து நேராக வெளியே வருகிறதா, வாசலிலேயே மடங்கித் திரும்புகிறதா? சுருளின் சில சுற்றுகளாவது கொக்கிக்குள் இருக்கின்றனவா, நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றைக் கம்பி மட்டும்தான் மாட்டியிருக்கிறதா? இரண்டு கொக்கிகளும் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா? ஒரு பக்கம் உயர்ந்திருந்தால் இழை இழுபட்ட நிலையில் இருக்கிறது என்று பொருள். தாங்குகம்பியின் வளையம் இழையைச் சுற்றி மூடியிருக்க வேண்டும். வளையம் பெரிதாகத் திறந்திருந்தால் இழை உள்ளே ஆடி, அதே இடத்தில் உரசிக்கொண்டே இருக்கும்.

மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் சுலபம். 230 வோல்ட்டில் 100 வாட் எரியும் பல்பின் சூடான மின்தடை 529 ஓம். குளிர்ந்த நிலையில் அதில் பதினைந்தில் ஒரு பங்கு அளவுக்கு, அதாவது 35 முதல் 40 ஓம் வரைதான் காட்டும். 60 வாட் என்றால் 60 ஓமை ஒட்டி இருக்கும். புரோப்பை ஈயப்பற்றில் வைத்துக்கொண்டு கண்ணாடியை விரலால் லேசாகச் சுண்டுங்கள். எண் குதித்தால் கொக்கிப் பிடியிலோ ஈயப்பற்றிலோ தளர்வு இருக்கிறது. இந்தக் குளிர்ந்த மின்தடையைப் பார்த்தால் இன்னொன்றும் விளங்கும். சுவிட்சைத் தட்டும் கணத்தில் பல்பு இழுக்கும் மின்னோட்டம் எரியும்போது இழுப்பதைப்போல் பத்து மடங்குக்கும் மேல். பெரும்பாலான பல்புகள் சுவிட்ச் போட்டவுடனே உயிரை விடுவது இதனால்தான்.

சீரீஸ் போர்டு வைத்திருப்பவர்களுக்கு இதைவிட நல்ல சோதனை ஒன்று உண்டு. ஒரே வாட்டுள்ள இரண்டு பல்புகளை சீரீஸில் போட்டால் ஆளுக்கு 115 வோல்ட் கிடைத்து, கண் கூசாத ஆரஞ்சு நிறத்தில் எரியும். அப்போது இழையை உற்றுப் பாருங்கள். தாங்குகம்பி தொடும் இடங்களில் கறுத்த இடைவெளி தெரியும், இரண்டு முனைகளிலும் மெல்ல மங்கிக்கொண்டே போகும். அது இயல்பு. நடுவில் எங்காவது ஒரு புள்ளி மட்டும் பக்கத்து இடத்தைவிடப் பளிச்சென்று தெரிந்தால், அங்கே கம்பி மெலிந்திருக்கிறது. இழை அறப்போவது அந்த இடத்தில்தான். கொக்கியின் வாசல் மங்குவதற்குப் பதில் பளிச்சிட்டால் பிடி சரியில்லை. புதுப் பல்பிலேயே இப்படித் தெரிந்தால் சீரீஸ் போர்டில் டெஸ்ட் பல்பாக வைத்துக்கொள்ளலாம், கூரையில் மாட்ட வேண்டாம்.

கெட்டுப்போன பல்பைத் தூக்கி எறியும் முன்பும் ஒரு முறை பார்ப்பது நல்லது. உள்ளே வெள்ளையாகவோ மஞ்சளாகவோ புகைத்தூள் படிந்திருந்தால் காற்று புகுந்து டங்ஸ்டன் எரிந்திருக்கிறது. குற்றவாளி கண்ணாடி நசுக்கல், இழை இல்லை. மேற்புறம் மட்டும் கருத்து, இழை நடுவில் அறுந்திருந்தால் ஆயுள் முடிந்து போன பல்பு, குறை சொல்ல ஒன்றுமில்லை. இழை அறும்போது முனைகளுக்கிடையே வில்போல் தீப்பொறி தாவி, வாயு வழியாகப் பெரிய மின்னோட்டம் பாயும். உள்ளே நிரப்பிய ஆர்கானோடு கொஞ்சம் நைட்ரஜன் கலப்பது இந்தத் தாவலைத் தடுக்கத்தான். அதையும் மீறினால் லீட் கம்பியில் (மூடியிலிருந்து இழைக்கு மின்சாரம் கொண்டுபோகும் கம்பி) உள்ள மெலிந்த ஃபியூஸ் துண்டு அறுந்து காப்பாற்ற வேண்டும். அதை வெளியிலிருந்து பார்க்க முடியாது. ஆனால் பல்பு போகும் ஒவ்வொரு முறையும் மெயின் போர்டில் உள்ள எம்சிபி டிரிப் சுவிட்ச் விழுகிறதென்றால் அந்த ஃபியூஸ் இல்லை, அல்லது வேலை செய்யவில்லை. அந்தப் பிராண்டை அடுத்த முறை தொடாதீர்கள்.

பொதுவான வீட்டுப் பல்புக்கு நம் தீர்ப்பு: பிடிப்பு நேராக உள்ள இரட்டைச் சுருள் கிளியர் பல்பு கிடைத்தால் தாராளமாக வாங்கலாம், ஆனால் 1,000 மணி நேரத்துக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். வோல்டேஜ் கூடும் ஊரில் அந்த ஆயிரமும் கிடைக்காது. வோல்ட்டின் ஏறக்குறைய பதின்மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப ஆயுள் சரியும். 230 வோல்ட் பல்பை 250 வோல்ட்டில் எரித்தால் மிஞ்சுவது மூன்றில் ஒரு பங்குதான். இரவில் வோல்டேஜ் ஏறும் பகுதி என்றால் மூடியில் 250 வோல்ட் என்று அச்சிட்ட பல்பாகப் பார்த்து வாங்குங்கள். தாங்கல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்தக் கணக்கை வெல்லாது.

அடுத்து, ஆட்டமும் அதிர்வும் தாங்கவென்றே செய்த ரஃப் சர்வீஸ் பல்பு. எல்லாக் கடைகளிலும் கிடைக்காது. தொழிற்சாலைச் சாமான் விற்கும் எலக்ட்ரிக்கல் கடைகளில் கேட்டுப் பார்க்க வேண்டும். இதில் ஒற்றைச் சுருள் இழை, ஐந்து முதல் ஒன்பது தாங்குகம்பிகள், இழை மேலும் கீழும் வளைந்து வளைந்து ஓடும். அமெரிக்க வழக்கில் இழை வடிவங்களுக்குக் குறியீடு உண்டு. வீட்டுப் பல்பில் குறுக்கே கிடக்கும் இரட்டைச் சுருள் சிசி-6, நிமிர்ந்து நிற்பது சிசி-8, வளைவாகச் சுற்றும் ஒற்றைச் சுருள் சி-9. ரஃப் சர்வீஸில் பெரும்பாலும் சி-17 அல்லது சி-22 இருக்கும். அட்டையில் இந்த எழுத்து இருந்தால் கண்ணாடிக்குள் எட்டிப் பார்க்கும் வேலைகூட மிச்சம்.

ஒரே வாட்டுக்கு வெளிச்சம் ஏறக்குறைய கால் பங்கு குறையும். வெளிச்சத்துக்காக வாங்குபவருக்கு இது நஷ்டம். ஆனால் கோழிக்குஞ்சுக் கூண்டில் இது ஒரு குறையே இல்லை. பல்பு இழுக்கும் 100 வாட்டும் வெளிச்சமாகப் போனாலும் சூடாகப் போனாலும் கடைசியில் கூண்டுக்குள் வெப்பமாகத்தான் சேர்கிறது. குஞ்சு ஒன்றுக்கு 2 வாட் என்ற வழக்கமான கணக்குப்படி 100 வாட் பல்பு ஒன்று 50 குஞ்சுகளுக்குப் போதும். குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று அடைந்தால் பல்பைத் தாழ்த்தவும் விலகி ஓடினால் உயர்த்தவும் வேண்டியிருக்கும். எரிந்துகொண்டிருக்கும்போதே ஒயரைப் பிடித்து ஏற்றி இறக்குவது எல்லாரும் செய்கிற காரியம்தான், இரட்டைச் சுருளுக்கு அதுவே எமன். சூடாக இருக்கும்போது ஆட்டம் கொடுத்தால் பக்கத்துப் பக்கத்துச் சுற்றுகள் ஒட்டிக்கொண்டு இழையின் ஒரு பகுதி விடுபட்டுப்போகும். மிச்சத்துக்கு வோல்டேஜ் கூடி, பளீரென்று எரிந்து போய்விடும். குளிர்ந்திருக்கும்போது தட்டினால் வேறு கதை: ஒரு முறை எரிந்த டங்ஸ்டன் அறை வெப்பத்தில் கண்ணாடிபோல் நொறுங்கும். இரண்டு ஆபத்துக்கும் ரஃப் சர்வீஸின் கூடுதல் தாங்கல்கள் ஈடுகொடுக்கின்றன. கூண்டுக்கும், மெக்கானிக் கையில் பிடிக்கும் ஹேண்ட் லேம்புக்கும் விலை கூடினாலும் இதையே பரிந்துரைக்கிறோம். ஐரோப்பிய ஒன்றியம் 2009 முதல் குண்டு பல்பைப் படிப்படியாக விலக்கியபோது சிறப்பு வேலைக்கான பல்புகளுக்கு விலக்கு கொடுத்திருந்தது. அந்தச் சந்தில் ரஃப் சர்வீஸ் பல்புகள் வீட்டு உபயோகத்துக்கே விற்கப்பட்டன. வீட்டில் எரிக்க அவை எவ்வளவு வீண் என்று வாங்கியவர்களில் எத்தனை பேர் கணக்குப் போட்டார்களோ!

எடிசன் பல்பு எனப்படும் அலங்காரப் பல்பில் தாங்குகம்பிகள்தான் காட்சிப்பொருள். மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை, நடுவில் இழை கூண்டுபோல் ஏறி இறங்கும். இழை நீளம், சூடு குறைவு, அதனால் அந்த மஞ்சள் நிறம். வெளிச்சத்துக்காக இதை வாங்குவதில் அர்த்தமே இல்லை. இதில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: பக்கத்துப் பக்கத்தில் உள்ள தாங்குகம்பிகள் ஒன்றையொன்று தொடக் கூடாது. பொத்தானில் ஒரு கம்பி சாய்வாக நட்டிருந்து பக்கத்துக் கம்பியைத் தொட்டால் இடையில் உள்ள இழைத்துண்டு எரியாது, மற்றது கூடுதலாக எரியும். கடையிலேயே ஒரு நிமிடம் எரியவிடச் சொல்லி, மங்கிய கால் ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள். டிம்மரில் போடுவதாக இருந்தால் பல்பு நெடுநாள் வரும். பந்தலில் ஒயரில் கோத்துக் காற்றில் ஆடவிடுவதாக இருந்தால் எல்இடி நகலையே வாங்குங்கள்.

இரு முனைக் குழல் ஹாலஜன், அதாவது ஆர்7எஸ் வகை, வேறு குடும்பம். இதன் குழல் சாதாரணக் கண்ணாடி அல்ல, குவார்ட்ஸ்; சூட்டில் அதற்கு விரிவு மிகவும் குறைவு. அதோடு ஒத்துப்போகும் உலோகம் கிடையாது. அதனால் சில பத்து மைக்ரான் மட்டுமே தடிமனான மாலிப்டினம் தகட்டை நசுக்கலுக்குள் வைக்கிறார்கள். அவ்வளவு மெல்லிசாக இருப்பதால் விரிவு வித்தியாசத்தைத் தகடே வளைந்து ஏற்றுக்கொள்கிறது. இந்தத் தகடு வெளிக்காற்றில் 350 டிகிரிக்கு மேல் போனால் துருவேறி ஊதி, குவார்ட்ஸைப் பிளந்துவிடும். எனவே ஹோல்டரின் ஸ்பிரிங் தளர்ந்தோ கறுத்தோ இருந்தால் எத்தனை புதுக் குழல் போட்டாலும் நிற்காது, முதலில் ஹோல்டரை மாற்றுங்கள். நீண்ட இழையைக் குழலின் நடுவில் நிறுத்துவது சிறு டங்ஸ்டன் வளையங்கள். அவை குவார்ட்ஸ் சுவரைத் தொட்டு நிற்கும், ஒட்டியிருக்காது. குழலைப் படுக்கைவசமாகவே பொருத்த வேண்டும்; நீளமான குழல்களுக்குச் சாய்வு 4 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது இந்த வளையங்களுக்காகத்தான். சாய்த்து வைத்தால் இழை தாழ்ந்த முனைக்கு வழுக்கி, அங்கே சுற்றுகள் நெருங்கிச் சூடேறும். விரல்படாமல் துணியால் பிடித்து மாட்டுங்கள். வியர்வை உப்பு குவார்ட்ஸைப் பால்போல் வெளுக்கச் செய்யும்.

பைக்குக்கான எச்எஸ்1, 12 வோல்ட் 35/35 வாட் பல்பில் தாங்குகம்பியே இல்லை என்று பார்த்துத் தரம் குறைவு என முடிவு கட்டிவிடாதீர்கள். 12 வோல்ட்டில் அதே வேலைக்கு மின்னோட்டம் 3 ஆம்பியரை ஒட்டி வேண்டும். அதனால் இழைக் கம்பியின் பருமன் வீட்டுப் பல்பினுடையதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல், நீளமோ மிகக் குறைவு. கம்பியின் விறைப்பு பருமனின் நான்காம் அடுக்கில் ஏறும்: மூன்று மடங்கு பருமன் என்றாலே 81 மடங்கு விறைப்பு. இரண்டு முனைகளும் மாலிப்டினம் லீடில் உறுதியாகப் பிடித்திருந்தால் குழி விழுந்த ரோட்டிலும் நிற்கும். இதில் கவனிக்க வேண்டியது டிம் இழைக்கு அடியில் இருக்கும் கரண்டி வடிவ மாலிப்டினத் தகடு. ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதியில் பட்டு மேல்நோக்கித் திரும்பக்கூடிய வெளிச்சத்தை மறைப்பது அதுதான். மலிவுப் பல்பில் தகடு சற்றே சாய்ந்திருந்தாலும் டிம் போட்டும் எதிரே வருபவர் கண் கூசும். பல்பை நிமிர்த்திப் பிடித்து, தகட்டின் விளிம்பும் இழையும் இணையாக ஓடுகின்றனவா என்று பாருங்கள். இழை தகட்டைத் தொட்டால் ஷார்ட்.

அடிக்கடி இந்தப் பல்பு போகிறதென்றால் பல்பை மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. இந்த வகைப் பல்புகளைச் சோதிப்பது 13.2 வோல்ட்டில். வண்டியின் வோல்டேஜைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் கெட்டு 15 வோல்ட் வந்தால் ஆயுள் ஐந்தில் ஒரு பங்காகிவிடும். வண்டியை ரெய்ஸ் செய்தபடி ஹெட்லைட் கனெக்டரில் அளந்து பாருங்கள். 14.5 வோல்ட்டுக்கு மேல் ஏறினால் ரெகுலேட்டரை மாற்றிவிட்டுப் பிறகு பல்பு வாங்குங்கள். காரின் எச்4 ஹோல்டரில் 60/55 வாட்டுக்குப் பதில் 100/90 வாட் போட ஆசைப்படுபவர்களுக்கும் ஒரு வார்த்தை: கூடுதல் சூடு முதலில் தாக்குவது இழையை அல்ல, நசுக்கலையும் கனெக்டர் பிளாஸ்டிக்கையும். ரிலேயும் தடித்த ஒயரும் போட்டால் ஒயர் தப்பிக்கும். கனெக்டர் அப்படியும் தப்பிக்காது. செராமிக் ஹோல்டர் தனியாக வாங்க வேண்டியிருக்கும், அந்த வாட் ரோட்டில் சட்டப்படி செல்லவும் செல்லாது.